சிறுவாட்டுக் காற்று

— கிழங்கு மூட்டையைச் சிலிண்டருக்கு மேல வையாதேங்கோ எண்டு சொன்னனான், பாண்டியன். இறக்குங்கோ அதை.

— இது சர்க்கரவள்ளிக் கிழங்கு நிசா, கருங்கல் இல்ல. கிழங்கு நசுக்கி இரும்பு செத்ததா சரித்திரமே கிடையாது.

— சரித்திரம் பேந்து கதைப்பம். தூக்கிப் பின் சீற்றில வையுங்கோ.

— போன மாசம் இதே ஏவன்டேல் சந்தை, இதே மாதிரி மூட்டை, இதே ரெண்டு சிலிண்டர். மேல போட்டுத்தான கடலுக்கு டைவிங் போனோம்? வழியெல்லாம் ஸ்ஸுன்னு ஏதோ சத்தம் வருதுன்னு நீ சொன்ன. கண்ணாடி இடுக்குல காத்துன்னு நான் சொன்னேன். கிழங்குக்கும் சேதாரமில்ல, நமக்கும் சேதாரமில்ல.

— அது அண்டைக்கு. இது இண்டைக்கு. தூக்குங்கோ எண்டால் தூக்குங்கோ... பொறுங்கோ. உது என்ன, துவாய்க்குள்ள?

— எது?

— துவாயால சுத்தி, மூலைக்குள்ள, மஞ்சளா.

— அதுவா. தீயணைப்பான். கார்ல ஒண்ணு இருக்கணும்ல.

— தீயணைப்பான் சிவப்பு. இது மஞ்சள். வாயில கடிக்கிற ரப்பரும் பூட்டிக் கிடக்கு. நெருப்பு வந்தால் இதைக் கடிச்சுக்கொண்டு நிப்பியளோ?

— நிசா, வண்டிய எடு. நம்ம இடத்துக்காக ஒருத்தர் பின்னாடி இண்டிகேட்டர் போட்டு நிக்கிறாரு, பாவம்.

— எடுக்கிறன். ஆனால் அந்தத் துவாயும் அதுக்குள்ள இருக்கிறதும் உங்கட மடியில வரோணும்.

— மடியிலயா?

— சுத்தி வச்சிருக்கிற வடிவைப் பாத்தால் பிறந்த பிள்ளை மாதிரிக் கிடக்கு. மடியில வச்சுக்கொண்டு வாங்கோ.

— சரி, மூட்டை பின் சீட்ல, நான் முன் சீட்ல. ஏறியாச்சு. பெல்ட் போட்டாச்சு, பிள்ளைக்கும் சேர்த்து. போலாமா?

— முன்னுக்கு ரோல்ஸ் டப்பா கிடக்கு. சூடு ஆற முன்னம் சாப்பிடுங்கோ.

— மட்டன் ரோலா? ஆத்தாடி. நாலு இருக்கே. நீ?

— நான் வெள்ளன எழும்பிச் சாப்பிட்டிட்டன்.

— உங்க ஊர் ரோலுக்கு முன்னாடி எங்க ஊர் பரோட்டா கைகட்டி நிக்கணும். இத சபையில சொல்ல மாட்டேன். கார்க்குள்ள சொல்றேன்.

— புகழ்ந்து கதையை மாத்தாதேங்கோ. உது என்ன எண்டு எனக்குத் தெரியும். போனி போத்தல். டைவிங் வகுப்பில படத்தில காட்டினவை. முதுகில இருக்கிற பெரிய சிலிண்டரில காத்து முடிஞ்சால், அவசரத்துக்கு மூச்சு எடுக்கப் பக்கத்தில கொளுவிக்கொண்டு போற சின்னச் சிலிண்டர். சரியோ?

— நூத்துக்கு நூறு.

— எப்ப வாங்கினனீங்கள்?

— மூணு வாரம் இருக்கும்.

— மூண்டு கிழமையா துவாய் போத்திப் படுத்திருக்குது. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

— எங்கம்மா கடுகு டப்பாவுக்குள்ள சிறுவாடு சேர்த்து வைப்பாங்க, எங்கப்பாவுக்குத் தெரியாம. வீட்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும். இருந்தாலும் ஒரு ஆத்திர அவசரத்துக்குன்னு ஒதுக்கி வைக்கிறது. அது மாதிரிதான் இதுவும். சிறுவாட்டுக் காத்து.

— அங்க மனிசி ஒளிச்சவ, மனிசனுக்குத் தெரியாமல். இஞ்ச மனிசன் ஒளிக்கிறார், மனிசிக்குத் தெரியாமல்.

— காலம் மாறிப் போச்சுல்ல.

— கண்டறியாத காலம். எந்தக் கடையில வாங்கினது?

— அதக் கேக்காத. மானம் போன கதை.

— அப்ப கட்டாயம் சொல்லோணும்.

— பாட்டனி பக்கம் நான் வேலை பாக்குற கடைக்குப் போற வழியில ஒரு டைவிங் கடை இருக்குல்ல, அங்க. விலை கேட்டேன், சொன்னார். எங்க குல வழக்கப்படி பாதிக்குக் கேட்டேன். சிரிச்சார். சரி, ஆளு மசியறாருன்னு நெனச்சு, மூஞ்சியச் சுளிச்சு, வேண்டாம்னுட்டு வாசலைப் பாத்து நடந்தேன். எங்க ஊர்ல வாசப்படி தாண்டுறதுக்குள்ள, 'அண்ணாச்சி, என்ன கோவிச்சுக்கிட்டுப் போறீங்க, வாங்க'ன்னு கூப்பிட்ருவான். நானும் எவ்வளவு மெதுவா நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவா நடந்தேன். கூப்பிடல. கதவத் திறந்தேன். கூப்பிடல. கார்கிட்டயே வந்துட்டேன்.

— பேந்து?

— பேந்தென்ன. போனைப் பாக்குற மாதிரி பத்து நிமிஷம் நின்னேன். கடைசில நானே திரும்ப உள்ள போனேன். 'சாவிய விட்டுட்டுப் போயிட்டீங்களா'ன்னு கேக்குறார்.

— ஐயோ பாவம்.

— சொன்ன விலைக்கே வாங்கினேன். மூணு தலைமுறை யாவாரம் அந்த வாசப்படியில விழுந்து செத்துச்சு. ஆறுதலுக்கு ஒரு ஸ்டிக்கர் இனாமாக் குடுத்தார்.

— நல்லா வேணும் உங்களுக்கு.

— சிரி, சிரி. சிரிச்சா ஓட்டுறப்ப தூக்கம் வராது.

— சிரிச்சு முடிஞ்சுது. இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. தண்ணிக்குள்ள காத்து முடிஞ்சால் ஆரிட்டப் போகோணும் எண்டு படிச்சனாங்கள்?

— கூட வர்றவங்ககிட்ட.

— உங்களோட கூட வாறது ஆர்?

— நீ.

— என்ர சிலிண்டரில கறுப்பா ஒரு குழாய் இருக்கு. அது என்ர வாய்க்கு. மற்றப் பக்கத்தில மஞ்சளா இன்னொரு குழாய் தொங்குது. அது ஆருக்கு?

— எனக்கு.

— மூண்டு வருசமா அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் உங்களுக்குப் பக்கத்தில நீந்துறன். நீங்கள் இப்ப தனியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாறியள்.

— பயணத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு போனா, வீட்டுச் சோத்துமேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தமா?

— விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டு போனால், அர்த்தம் அதுதான்.

— வாஸ்தவந்தான். பாலம் வருது பாரு. கடல் இன்னிக்கு இஸ்திரி போட்ட மாதிரி கிடக்கு.

— கடலைக் காட்டி என்னை ஏமாத்தேலாது. ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. அந்தப் போத்தல் தண்ணிக்குள்ள இறங்கினால் நான் இறங்கேல்லை. கரையில இருந்து சிப்ஸ் சாப்பிடுறன்.

— தனியா இறங்கக் கூடாதுன்னு விதி இருக்கேம்மா.

— ஓம். அதால நீங்களும் இறங்கேலாது. போத்தலோ நானோ எண்டு கேக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. ஏன் வாங்கினனீங்கள், ஏன் ஒளிச்சனீங்கள், இது ரெண்டுக்கும் உண்மையான பதில் வேணும். வார்க்வர்த் வர முன்னம் சொல்லோணும். சொல்லாட்டில் ரவுண்டபவுட்டில காரைத் திருப்புவன். இனிமேல் நான் உங்களோட கடலுக்கு வாறதில்லை. கிளப்பில தவராசா அண்ணையோட சோடி சேருங்கோ.

— தவராசாவா? அவரு தண்ணிக்கு அடியிலயும் அரசியல் பேசுவாரு.

— பேசட்டும். அவரிட்டயும் மஞ்சள் குழாய் ஒண்டு இருக்குத்தானே.

— விளையாட்டுக்குத்தான சொல்ற?

— என்ர முகத்தைப் பாருங்கோ.

— ...விளையாட்டு இல்ல. வார்க்வர்த்துக்கு இன்னும் எவ்வளவு நேரம்?

— அரை மணித்தியாலம்.

— அப்ப ஒரு கதை சொல்றேன். விருதுநகரில் வெல்ல மண்டிக்காரர் வீட்டில் ஒரு வியாபாரி பிறந்தான்.

— ஏன் புத்தகம் மாதிரிக் கதைக்கிறியள்?

— பேச்சுத் தமிழ்ல சொன்னா அது என் கதையாயிரும். புத்தகத் தமிழ்னா எவனோ ஒருத்தன் கதை. சொல்றவனுக்கு வெக்கம் கொறையும். குறுக்க பேசாத.

— சரி, சொல்லுங்கோ. அந்த எவனோ ஒருத்தன்ர கதையை.

— தொட்டிலை ஆட்டினால் அழுவான்; தராசுத் தட்டை ஆட்டினால் தூங்குவான். அம்மா ஒரு தோசை என்றால் இரண்டு கேட்பான், ஒன்றரைக்கு ஒப்புக்கொள்வான். அப்படிப்பட்டவன் விமானம் ஏறி ஆக்லாந்துக்கு வந்தான். வந்த இடத்தில் எல்லாச் சாமானுக்கும் விலை ஒட்டியிருந்தது. அந்தச் சாமான்களை விற்கும் கடையொன்றில், ஒரு காசு குறைக்க அதிகாரமில்லாத மேலாளராக அவனை உட்கார வைத்தார்கள். நீச்சல்காரனை மணலில் இறக்கிவிட்ட கதை.

— உதில கொஞ்சம் உண்மை இருக்கு.

— அந்த ஊரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கண்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். வாழ்க்கையில் அவன் பேரம் பேசாத ஒரே இடம் அது.

— பொய். கலியாண நாளை ரெண்டு தரம் மாத்தினனீங்கள்.

— அது மாப்பிள்ளையின் தாயார் பேசிய பேரம். கதையில் வராது. அந்தப் பெண் ஒருநாள், டைவிங் பழகுவோமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினான். முதல் வகுப்பிலேயே ஓர் ஆச்சரியம். கடலுக்கு அடியில் பேச்சு கிடையாது, எல்லாம் விரல்தான். மேலே போகலாம் என்பதற்கு ஒரு விரல், காற்று எவ்வளவு மிச்சம் என்பதற்குச் சில விரல்கள். மற்றவர்கள் எல்லாம் திணறினார்கள். இவன் திணறவில்லை. இவன் வம்சமே துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய வம்சம். சந்தையில் வாய் ஆயிரம் பொய் சொல்லலாம். துண்டுக்குள் போன விரல் மட்டும் பொய் சொல்லக் கூடாது. அது சந்தை தர்மம். அதை மீறியவனோடு பிறகு ஒருவரும் துண்டு போட மாட்டார்கள்.

— இதை முந்தி ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே.

— நீ கேக்கல. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரியும் அவன் மனைவியும் கோட் ஐலண்டுக் கடற்கரைக்குப் போனார்கள். மூன்று வாரம் மழை. அவன் ஏங்கிப் போயிருந்தான். தண்ணீரில் இறங்குமுன் வழக்கப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் இரண்டு விரலைக் காட்டினான். இருநூறு, அதாவது சிலிண்டர் நிறையக் காற்று. அவளும் இரண்டு விரலைக் காட்டினாள்.

— ...

— என்ன, சத்தத்தக் காணோம்?

— ஒண்டுமில்லை. பெரிய லொறி ஒண்டு போகுது. சொல்லுங்கோ.

— உள்ளே போனால் ஸ்னாப்பர் மீன்கள் பந்திக்கு முந்துகிறவர்கள்போல் மொய்த்தன. வியாபாரி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே நீந்தினான். அப்போது ஒரு திருக்கை, ஜமுக்காளத்தை உதறி விரித்தாற்போல் மணலில் இருந்து எழுந்தது. அதன் பின்னாலேயே போய்விட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தன் காற்று மீட்டரைப் பார்த்தான். நாற்பது.

— அம்பதோட மேல வரோணும்.

— அம்பதோட மேல வரணும். அவனுக்கும் தெரியும். சரி, பக்கத்தில்தான் இருக்கிறாளே என்று இடது பக்கம் பார்த்தான். இல்லை. வலது பக்கம் பார்த்தான். இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பச்சைத் தண்ணீரும் பாசியும் அவனும்தான். சுற்றச் சுற்ற மூச்சு வாங்கியது, மூச்சு வாங்க வாங்க மீட்டர் இறங்கியது. அவனுக்கு... நிசா, குடிக்கத் தண்ணி இருக்கா?

— போத்தலில இருக்கு. உங்கட மடியில இருக்கிறது இல்லை, கதவுக்குள்ள இருக்கிறது. குடியுங்கோ.

— ம். அவனுக்குப் பயம் வந்தது. சின்னப் பயம் இல்லை. கடையில் விளக்கணைந்தாலும் கல்லாவை விட்டு எழுந்திருக்காத வம்சம், அன்றைக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. வெட்கம் எங்கே என்றால், முதலில் அவன் தனக்காகத்தான் பயந்தான். என் காற்று, என் உயிர், என் மஞ்சள் குழாய் எங்கே என்றுதான் முதலில் தோன்றியது. அவள் என்ன ஆனாளோ என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த வரிசைதான் நிசா. அந்த வரிசைய என்னால ஜீரணிக்க முடியல.

— புத்தகத் தமிழ் போயிட்டுது.

— போகட்டும். மேல வந்தேன். மீட்டர் இருபதுல நிக்குது. பாத்தா நீ பத்தடி தள்ளி, கண்ணாடிய நெத்தியில தூக்கி விட்டுட்டு மிதந்துக்கிட்டு இருக்க. எங்க போனன்னு கேட்டேன். சிங்க இறால் ஒண்டு கண்டனான், அதுக்குப் பின்னால போனனான்னு சொல்லிச் சிரிச்ச. நானும் சிரிச்சேன்.

— ஒரு மாசமா சிங்க இறால் ராணி எண்டு பட்டம் வச்சுப் பகிடி பண்ணினனீங்கள்.

— பகிடி பண்ணினா பயம் வெளிய தெரியாதுல்ல. உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சு தெரியுமா? ஒரு இறாலுக்காக என்னை விட்டுட்டுப் போனவ, நாளைக்கு ஒரு நண்டுக்காகவும் போவா. அப்படி ஓடுச்சு. உன்கிட்ட கேட்டா சண்ட வரும். கேக்காம உன்கூட இறங்கவும் பயமா இருந்துச்சு. இறங்காம இருக்கவும் மனசு வரல, ஞாயித்துக்கிழமை உன்கூட கடலுக்குப் போறது ஒண்ணுதான் எனக்கு வாரம் பூரா இருக்குற சந்தோஷம். அதான் இதப் போய் வாங்கினேன். ஒளிச்சு வச்சது, நீ கேட்டா இந்தக் கதையச் சொல்ல வேண்டி வரும்னுதான். சொல்லிட்டேன். அதோ வார்க்வர்த் போர்டு. திருப்புறதுன்னா திருப்பு.

— ரோல்ஸ் முடிஞ்சுதோ?

— ஒண்ணு இருக்கு. வேணுமா?

— வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ. இப்ப நான் ஒரு கதை சொல்லுறன். எனக்கும் புத்தகத் தமிழ் வரும், சின்னனில இஞ்ச வந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில படிச்சனான்.

— ரவுண்டபவுட்டு வருது நிசா.

— தெரியும். அந்த வியாபாரிக்கு ஒரு மனைவி இருந்தாள். கடற்கரையில் அவன் காரை நிறுத்த இடம் தேடிப் போவான். அவள் சிலிண்டர்களை இறக்கி, மீட்டர் பூட்டி, இரண்டு பேருடைய சாமான்களையும் தயார் செய்வாள். அது அவர்களுடைய வீட்டு வழக்கம்.

— நேரா போயிட்டியே. திருப்பல.

— குறுக்க பேசாதேங்கோ. அன்றைக்கு முதலாவது சிலிண்டரில் மீட்டரைப் பூட்டினாள். இருநூறு. இரண்டாவதில் பூட்டினாள். நூற்றுப் பத்து.

— நூத்திப் பத்தா?

— வரும் வழியெல்லாம் காருக்குள் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி இடுக்கில் காற்று என்று வியாபாரி சொன்னான். கண்ணாடி இடுக்கில் இல்லை. வியாபாரி பேரம் பேசி வாங்கிய கிழங்கு மூட்டை உருண்டு, சிலிண்டரின் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டிருந்தது.

— ஆத்தாடி.

— அவன் திரும்பி வருகிறான். மூன்று வாரம் மழைக்குப் பிறகு வெயில். சின்னப் பிள்ளைபோல் துள்ளிக்கொண்டு வருகிறான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவர் இறங்க முடியாது. இரண்டு பேரும் நனையாமலே வீட்டுக்குப் போக வேண்டும். அவன் காற்றை நிறையச் சாப்பிடுகிறவன். அவள் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள். நூற்றுப் பத்து தனக்குக் காணும் என்று நினைத்தாள். எதை யாருக்குக் கொடுப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. சோறு போடும்போது கை எப்படிப் போகுமோ, அப்படித் தானாகப் போனது.

— நீ ரெண்டு விரல் காட்டினியே.

— ஓம்.

— ரெண்டு விரல் நிசா. நான் பாத்தேன்.

— ஓம். துண்டுக்குள்ள பொய் சொன்னனான். அது இவ்வளவு பெரிய குற்றம் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்.

— அப்ப அந்தச் சிங்க இறால்?

— கண்ணாலயும் காணேல்லை. என்ர மீட்டர் அம்பதுக்கு வந்தோடன சிலிண்டரில கல்லால தட்டினனான், மூண்டு தரம். நீங்கள் திருக்கைக்குப் பின்னால போயிட்டியள். நான் பின்னால நீந்தி வந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் இருக்கிறதும் முடியும். மேல வந்தன். வந்து முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சுக்கொண்டு உங்கட குமிழி வருதோ எண்டு பாத்தன். வந்துது. வெள்ளைக் குமிழி, கொத்துக் கொத்தா. ஒவ்வொண்டா எண்ணினன். ஒரு தரம் குமிழி கொஞ்ச நேரம் வரேல்லை. அப்ப எண்ணுறதை விட்டிட்டு, கடவுளோட கொஞ்சம் பேரம் பேசினனான். நீங்கள்தானே பழக்கினனீங்கள்.

— எவ்வளவுக்கு முடிஞ்சுது?

— நீங்கள் வந்தால் காணும், ஒருநாளும் ஒண்டும் சொல்லிக் காட்ட மாட்டன் எண்டு முடிஞ்சுது. அதுதான் இறால் கதை சொன்னனான். இப்ப அதையும் மீறிப் போட்டன்.

— நான் உன்னத் தேடி வந்திருந்தா? அந்தத் திருக்கைய விட்டுட்டு, காத்து தீந்து போய், கரெக்டா உன்கிட்ட வந்து நின்னிருந்தா?

— மஞ்சள் குழாயைத் தந்திருப்பன்.

— தந்திருப்ப. தெரியும்.

— ஓம், தந்திருப்பன். ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு மூச்சு எடுத்திருப்பம். பேந்து அதுக்குள்ள ஒண்டும் இருந்திராது. அதால, அந்தப் போத்தல் வரட்டும் பாண்டியன். நீங்கள் பயத்தில வாங்கினது எண்டாலும், சரியான சாமான்தான் வாங்கியிருக்கிறியள்.

— ஆனா அது என் பக்கம் மாட்டுறதுக்கு இல்ல. இன்னிக்கு உன் பக்கம் மாட்டுறோம்.

— எனக்கு எதுக்கு? நான் கொஞ்சமாத்தானே—

— கொஞ்சமாச் சாப்பிடுறவ. கேட்டாச்சு. அந்தக் கதைய இனிமே என்கிட்ட விக்காத. நான் யாவாரக் குடும்பம்.

— அப்ப ஆளுக்கு ஒண்டா இன்னொண்டு வாங்குங்கோ. இந்த முறை நானும் கடைக்கு வாறன். நீங்கள் கோவிச்சுக்கொண்டு வாசல் வரைக்கும் நடவுங்கோ. உள்ள நிண்டு நான் கூப்பிடுறன், அண்ணாச்சி வாங்கோ எண்டு.

— கூப்பிடுவியா?

— மெய்யாக் கூப்பிடுவன்.

— சரி. மீட்டர் இனிமே நான் பூட்டுறேன், ரெண்டு சிலிண்டருக்கும். கிழங்கு மூட்டை எப்பவும் பின் சீட்ல.

— ஓம். அதோ கடல் தெரியுது.

— தெரியட்டும். நிசா.

— என்ன?

— இந்த டப்பாவுல நாலு ரோல் இருந்துச்சு. மூணு நான் தின்னுட்டேன்.

— வடிவாச் சாப்பிட்டியள். அதுக்கென்ன?

— ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கட்டும். விரல் வேண்டாம், வாயாலயே சொல்லு. காலைல நீ நிஜமாவே சாப்ட்டியா?